ஜூஸ் ரவியின் கிளட்ச்

"சில்வஸ்டர் தம்பி, பெடல்ல காலு வச்சதே தெரியக்கூடாதுங்க. அந்த மாதிரி கிளட்ச் இருந்தா எடுங்க. இல்லாட்டி நான் கோயமுத்தூருக்கே போயிக்கறேன்."

குன்னூர் மார்க்கெட் பக்கம், பழைய கார்களுக்கு உதிரிபாகம் விற்கும் கடையில் நின்று இப்படி மிரட்டியவர் ரவிச்சந்திரன். வர்க்கி பேக்கரி நடத்துகிறவர். வெளியே பனியில் நனைந்துகொண்டு நின்றது அவருடைய பச்சை பியட். வயதில் அவரைவிட மூத்தது. கிளட்ச் தேய்ந்துபோய், ஏற்றம் என்று வந்தால் எஞ்சின் மட்டும் கத்துகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது.

சில்வஸ்டர் இரண்டு பெட்டிகளை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஒன்று, வண்டியோடு பிறந்த அதே பழைய ரகம். மிதித்தால் பெடல் கல்லு மாதிரி நிற்கும். இன்னொன்று பிற்பாடு வந்த ரகம், பஞ்சாக அமுங்கும். இரண்டுமே அந்த வண்டிக்குப் பொருந்தும்.

"மலைக்கு இந்தக் கல்லுதானுங்க சரி" என்று ஆரம்பித்த சில்வஸ்டர் நிறுத்தவே இல்லை. அதன் பிடிப்பென்ன, ஆயுளென்ன! இத்தலாரில் கேரட் ஏற்றும் ஒருவர் அதைப் போட்டுக்கொண்டு போனவர்தானாம், இன்றுவரை கடைப் பக்கமே தலைகாட்டவில்லையாம். லேசானதைப் பற்றி மறந்தும் ஒரு நல்ல வார்த்தை வரவில்லை. கேட்கக் கேட்க ரவிச்சந்திரனுக்குச் சந்தேகம் வளர்ந்தது. விற்காத சரக்கைத் தன் தலையில் கட்டப் பார்க்கிறானோ?

அவர் கவலை அவருக்கு. வருகிற ஞாயிற்றுக்கிழமை எலுமிச்சம்பழப் போட்டி. எஸ்டேட் ஃபேக்டரிக்கு ஏறும் மேட்டில் பழைய காரை நிறுத்திவிட்டு, பின் சக்கரத்துக்கு ஒரு விரற்கடை பின்னால் எலுமிச்சம்பழம் ஒன்றை வைப்பார்கள். ஹேண்ட் பிரேக்கைத் தொடாமல் வண்டியைக் கிளப்ப வேண்டும். பழம் நசுங்கினால் ஆள் அவுட். ஊர் உலகத்தில் பழத்தை நசுக்கிவிட்டு வண்டி எடுத்தால்தான் நல்ல சகுனம். இங்கே நசுக்காமல் எடுக்கிறவருக்குத்தான் மாலை மரியாதை எல்லாம்.

மூன்று வருடமாகக் கடைசிச் சுற்றுவரைக்கும் வந்து, அங்கே பழத்தை நசுக்கினார் ரவிச்சந்திரன். மூன்று வருடமும் அவரை ஜெயித்தது ஒரே ஆள். அதிலிருந்து குன்னூரில் அவர் பெயர் ஜூஸ் ரவி. வர்க்கி வாங்க வருகிறவர்கள்கூட, அப்படியே ஒரு லெமன் ஜூஸும் போடுங்க என்று கேட்டுவிட்டுச் சிரிக்கிறார்கள். மானம் கப்பலேறிவிட்டது. டீக்கடைக்குப் போவதையே விட்டுவிட்டார் மனிதர். இந்த வருடமும் தோற்றால் பேக்கரி போர்டிலேயே ஜூஸ் என்று எழுதிவிடுவார்கள் என்று அவருக்கு உள்ளூரப் பயம்.

"எனக்கு மாலை கூட வேண்டாமுங்க" என்று குரலைத் தாழ்த்தினார். "ஜெயிச்சவங்க ஒரே ஒரு தடவ பழத்த நசுக்கோணும். அத என் ரெண்டு கண்ணால பாக்கோணும். அது போதுமுங்க."

அது லேசில் நடக்காது என்றார் சில்வஸ்டர். அவங்களுக்கு நாள் முழுக்க ரோட்டில்தான் பிழைப்பு, பெடல் எந்த இடத்தில் பிடிக்கும் என்று அந்தக் காலுக்கு அத்துப்படி என்றும் எடுத்துச் சொன்னார்.

"அதேதானுங்க தம்பி." ரவிச்சந்திரனுக்கு முகமெல்லாம் பல். "கல்லு பெடல மிதிச்சு மிதிச்சே பழகின காலு. அங்க திடீர்னு பஞ்சாட்டம் ஒண்ணு இருந்தா என்னாகும்? தடுமாறிப் போயிருமில்லீங்களா?"

சில்வஸ்டருக்கு இருமல் வந்தது. அது எல்லோருக்கும் புதுசுதானே, உங்கள் காலும் தடுமாறுமே என்று கேட்டார். அதற்கும் ரவிச்சந்திரனிடம் திட்டம் இருந்தது. இன்றைக்கே மாட்டி, ஞாயிற்றுக்கிழமைவரை வேறு யார் காலும் படாமல் அவர் மட்டுமே ஓட்டிப் பழகிக்கொள்வாராம். சொல்லும்போதே சந்தோஷம் தாங்காமல் மேஜையில் தாளம் போட்டார்.

சில்வஸ்டர் விடவில்லை. கல்லுப் பெட்டியை அவர் பக்கம் தள்ளினார். தெரிந்தவர் என்பதால் விலை குறைத்துத் தருவதாகச் சொல்லிப் பார்த்தார், கடைசியில் கையெடுத்தே கும்பிட்டார். அவ்வளவுதான், ரவிச்சந்திரன் லேசான கிளட்ச் பெட்டியை வெடுக்கென்று பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டார்.

"என்னைய ஏமாத்த இனிமே ஒருத்தன் பொறந்துதான் வரோணும்" என்று பணத்தை வைத்துவிட்டுச் சீட்டியடித்தபடி வெளியேறினார். யாருமே இல்லாத ரோட்டில் இரண்டு தடவை ஹாரன் வேறு அடித்தார். எதிரே இறக்கத்தில்தான் ஒர்க்‌ஷாப். பச்சை பியட் தள்ளாடிக்கொண்டே பனிக்குள் போனது.

வண்டி வளைவு திரும்பும்வரை காத்திருந்த சில்வஸ்டர், போனை எடுத்தார்.

"சுகந்தியக்கா, நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியே, கல்லு கிளட்சத்தான் வாங்கோணும்னு தொண்ட வத்தப் பேசினேனுங்க. உங்க ஊட்டுக்காரரு லேசானதப் புடுங்கிட்டுப் போயிட்டாரு."

இன்றைக்கு பியட் கையில் இல்லாததால் நடந்தே கடை கடையாக வர்க்கி போட்டுவிட்டு பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்த சுகந்தி சிரித்து முடிக்கவே நேரமாயிற்று.

"முட்டி வலிக்குது, லேசா ஒண்ணு மாத்துங்கன்னு நானுந்தான் கலியாணமானதுல இருந்து சொல்றேன், காதுல வாங்குனாத்தானே" என்றாள். "போட்டிக்கு ரெண்டு பேருக்கும் அந்த ஒரே வண்டிதானே. அந்தக் கல்லு பெடல்லயே, வலியோட மூணு வருசமும் அவர ஜெயிச்சேன் தம்பி. இனி பாவம், அவரு என்ன பண்ணப் போறாரோ?"