மத்தவங்களுக்கும் கேக்கணும்

"இதுல சத்தமாப் பேசுற மெஷின் எது தம்பி?"

மாமனார் கேட்டதும் மருமகள் குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். ஆரம்பித்துவிட்டார்.

முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்ற கையோடு மாரடைப்பு. மூன்று மாதம் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தவருக்கு நேற்றுதான் டாக்டர் 'போலாம் ரைட்' சொல்லியிருந்தார்.

"தினம் அரை மணி நேரம் நடங்க. துடிப்பு நூத்திப் பத்தைத் தாண்டக் கூடாது. தனியாப் போகவே கூடாது. கூட ஒருத்தர் நம்பரைப் பாத்துக்கிட்டே வரணும்."

கூடப் போக மாமியார் இருக்கிறார். நம்பர் காட்ட மெஷின்தான் இல்லை. அதற்காகக் காலை ஒன்பது மணிக்கே கடையின் ஷட்டருக்கு முன்னால் வந்து நின்றுவிட்டார் மனுஷன், சுற்றுலா போகிற பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

கடைக்காரர் ஒரு வாட்சை எடுத்து வைத்தார்.

"மணிக்கட்டுல கட்டிக்கலாம் சார். அளவு தாண்டினா அதிரும். உங்களுக்கு மட்டும்தான் தெரியும்."

"அடுத்தது?"

"நெஞ்சுல கட்டுற பட்டை. வாட்சைவிடத் துல்லியம். நம்பர் போன்ல வரும்."

"வாயைத் திறக்குமா?"

"திறக்காது சார்."

"அப்ப வேணாம்."

மூன்றாவதைக் கொஞ்சம் தயங்கித்தான் எடுத்தார் கடைக்காரர். அதே மாதிரிப் பட்டை. கூடவே சட்டைப் பையில் வைத்துக்கொள்ள சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டி. நிமிஷத்துக்கு ஒரு தடவை துடிப்பை வாய்விட்டுச் சொல்லுமாம்.

"பட்டையோட உள்பக்கத்தை லேசா நனைச்சுக் கட்டணும் சார்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் குழந்தையின் தண்ணீர் பாட்டில் மாமனார் கையில் இருந்தது. கடை நடுவிலேயே சட்டைப் பித்தானைக் கழற்றி, நனைத்துக் கட்டிக்கொண்டார்.

"எண்பத்தி நாலு" என்றது பெட்டி.

டிவி பார்க்க வந்தவர்கள், மிக்ஸி பார்க்க வந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். குழந்தை கை தட்டியது.

"இதேதான்" என்றார் மாமனார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"மாமா, இதோட பார்க்குல நடந்தா எல்லாரும் நம்மளையே பாப்பாங்க."

"பாக்கட்டுமே. முப்பது வருஷம் ஹார்ன் அடிச்சே வண்டி ஓட்டினவன்மா நான்."

"இயர்போன் மாட்டிக்கலாம் சார்" என்று இடையில் வந்தார் கடைக்காரர். "மத்தவங்களுக்குக் கேக்காது."

"மத்தவங்களுக்கும் கேக்கணும் தம்பி."

மருமகள் ஓரமாகப் போய்ப் புருஷனுக்கு போன் போட்டாள். "உங்கப்பாவுக்கு நெஞ்சுல இருந்த அடைப்பை எடுத்தாங்களே, அந்த விளம்பர ஆசையையும் சேத்து எடுத்திருக்கக் கூடாதா?"

மறுநாள் காலை. முதல் நாள் என்பதால் மருமகளும் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு கூடவே போனாள்.

மாமனார் புது ஷூவில் மிதப்பாக நடந்தார். மாமியார் அவர் முழங்கையைப் பிடித்த பிடியை விடவில்லை.

"என்ன அத்தை, நேத்துக் கல்யாணம் ஆன மாதிரி?"

"போடி, வேலையைப் பாரு."

"தொண்ணூத்தி ரெண்டு" என்றது பெட்டி.

"இன்னும் பதினெட்டு இருக்கு. நடங்க" என்றார் மாமியார்.

"தொண்ணூத்தி எட்டு."

"பன்னெண்டு இருக்கு. அவசரமில்லாம நடங்க."

ஓடிக்கொண்டிருந்த ஒரு பெண் வேகத்தைக் குறைத்துத் திரும்பிப் பார்த்தாள். பெஞ்சில் இருந்த இரண்டு பேர், "ரயில் எத்தனாவது பிளாட்பாரம்னு கேளுடா" என்று சிரித்தார்கள்.

மருமகளுக்குக் காது மடல் சுட்டது. மாமனார் தண்ணீர் குடிக்க நின்றபோது, வெயிலுக்குத் துண்டை எடுத்துக் கொடுக்கிற சாக்கில் அவர் சட்டைப் பைக்குள் விரலைவிட்டுச் சத்தத்தை நிறுத்திவிட்டாள்.

மறுபடி நடந்தார்கள். ஒரு நிமிஷம் ஆனது. பெட்டி பேசவில்லை.

மாமியார் அப்படியே நின்றுவிட்டார்.

"என்னங்க, ஏன் பேச மாட்டேங்குது? என்ன பண்ணுது உங்களுக்கு?" அவர் உள்ளங்கை மாமனாரின் நெஞ்சைத் தேடித் தடவியது.

"ஐயோ, ஒண்ணுமில்ல அத்தை. நான்தான் சத்தத்தை நிறுத்தினேன்." மருமகள் பெட்டியை எடுத்து மாமியார் கையில் கொடுத்தாள். "இந்தாங்க. நம்பர் எவ்வளவு பெருசாத் தெரியுது பாருங்க. நீங்க பாத்துச் சொன்னாப் போதாதா?"

மாமியார் பெட்டியை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"தொண்ணூறுதான்" என்றார். "நடங்க."

அவர் பார்த்துக்கொண்டிருந்தது பெட்டியின் பின்பக்கம். நம்பர் இருந்த பக்கம் மருமகளைப் பார்த்திருந்தது. நூற்றி ஏழு.

மருமகள் மாமனாரை நிமிர்ந்து பார்த்தாள்.

அவர் பெட்டியை மெல்ல வாங்கி அவள் கையில் வைத்தார். மாமியார் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்தினார்.

"மூணு மாசமா பார்வை மங்கிக்கிட்டே வருதும்மா அவளுக்கு. நான் எழுந்து நடமாடுற வரைக்கும் கண் ஆபரேஷனுக்குப் போக மாட்டாளாம், யார்கிட்டயும் மூச்சுவிடக் கூடாதுன்னு என் வாயைக் கட்டி வெச்சிருக்கா. அதான் வாயுள்ள மெஷினாப் பாத்து வாங்கினேன்."

மருமகள் பட்டனை அழுத்தினாள். சத்தம் அதற்கு மேல் ஏறாது என்கிற வரைக்கும் அழுத்தினாள்.