தாத்தாவின் காது

“வெளிச்சத்துக்கு வாடி கண்ணு.” நாத்தனார் பெரியவளின் காது மடலைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினாள். “பாரு, எங்க அப்பா காது. அச்சு அசல்.”

பெரியவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். அம்மா பள்ளிச் சீருடைக்கு இஸ்திரி போடுவதில் மும்முரமாக இருப்பதுபோல் குனிந்துகொண்டாள்.

வருடக்கணக்காக வெளிநாட்டில் இருந்த நாத்தனார், தம்பியின் பெண்களை இன்றுதான் நேரில் பார்க்கிறாள். தம்பியும் பேச்சில் சிக்கனம். இரண்டு முறையும் போனில் “குழந்தை வந்தாச்சுக்கா” என்றதோடு சரி.

இரண்டில் ஒன்று எடுத்து வளர்ப்பது என்று யாரோ அவள் காதில் போட்டிருந்தார்கள். எது என்று சொல்லவில்லை. கைப்பையில் அவளுடைய அப்பாவின் கைக்கடிகாரம் இருந்தது. அது ரத்தத்துக்குத்தான் போக வேண்டுமாம்.

“பதினேழை இருபத்துமூணால பெருக்கினா?”

“முந்நூத்தித் தொண்ணூத்தொண்ணு,” என்றாள் பெரியவள்.

“கணக்கு எங்க வம்சத்துல ஊறினது.”

தினமும் சாயங்காலம் இருவரையும் மாடிப்படியில் உட்காரவைத்து வாய்ப்பாடு கேட்கும் அவர்கள் அப்பாவை யாரும் நினைக்கவில்லை.

“எனக்கும் தெரியும் அத்தை. அவ முந்திக்கிட்டா,” என்றாள் சின்னவள்.

“வாயைப் பாரு. எங்க வீட்ல யாருக்கும் குரலே ஏறாது,” என்று நாத்தனார் குரலை ஏற்றிச் சொன்னாள்.

அம்மாவுக்கு இதுவரை வேடிக்கையாகத்தான் இருந்தது. கொஞ்சம் ரசிக்கவும் செய்தாள். ஒரு வார்த்தையில் நிறுத்தியிருக்கலாம். இன்னும் எவ்வளவு தூரம் போகிறாள் பார்ப்போம் என்று விட்டுவிட்டாள்.

கடிகாரம் பெரியவளின் கையில் ஏறியது. பெரியவள் இப்போது சிரிக்கவில்லை. சின்னவள் தன் வெறும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டாள்.

“மனசுல வெச்சுக்காதடி,” என்று நாத்தனார் சின்னவளின் தலையைத் தட்டினாள். “எடுத்து வளர்த்தாலும் பிள்ளைதான். ஆனா ரத்தம்னு ஒண்ணு இருக்குல்ல?”

பிறகு வெற்றிக் களையோடு தம்பி மனைவியிடம் திரும்பினாள். “என்ன, சரியாக் கண்டுபிடிச்சேனா? பெத்தவ நீயே சொல்லு.”

அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

“நான் எப்படி அண்ணி சொல்றது? ரெண்டு பேரையுமே நான் பெக்கலையே.”