மேலே நீட்டிய கை

எட்மன்டன் மாநாட்டுக் கூடத்தின் வெள்ளை வெளிச்சத்தில், ஆறிப்போன காப்பியோடு மார்லீன் அந்தப் போஸ்டரின் முன் நிற்கிறாள். சினைப்பைப் புற்றுநோய்க்கான ஊசி மருந்து. நடுவே, புற்றுநோய்ச் செல்லின் மேல் முளைக்கும் சர்க்கரைச் சங்கிலியின் படம். நாலு குளிர்காலம் ஆய்வகத்தில் உட்கார்ந்து அவள் கோத்த சங்கிலி. போஸ்டரில் பெயர் மட்டும் டக் ஃப்ரீசன். போன வருஷம் டொரன்டோவுக்கு மாறிப் போகும்வரை அதே ஆய்வகத்தில் தினமும் அவளுடைய சாண்ட்விச்சில் பாதியைத் தின்ற டக். மூன்றாவது சர்க்கரையில் கீழே தொங்க வேண்டிய அணுக் கை ஒன்று மேலே நீட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு மதியம், கடுகுக் கறை பட்ட டிஷ்யூ தாளில் அவள் அவனுக்கு அவசரமாக வரைந்து காட்டிய தப்பு அது. தப்பைக்கூட விட்டுவைக்கவில்லையே என்று அவளுக்குச் சிரிப்பு வருகிறது. "என்ன மார்லி, இங்கயா?" என்று டக் பல்லைக் காட்டுகிறான். அதற்குள் போஸ்டர்களுக்குப் பரிசு கொடுக்கும் நடுவர்கள் வந்து நிற்கிறார்கள். பேசாமல் போய்விடலாம். ஆனால் கை இப்படியே இருந்தால் இந்த ஊசி எந்தப் பெண்ணையும் காப்பாற்றாது. "அந்தக் கை கீழ வரணும்டா, மடையா," என்று முனகியபடி பேனாவை எடுத்து அவளே திருத்துகிறாள். திருடனின் வண்டிக்குக் காற்றடித்துக் கொடுக்கிற புத்தி. நடுவர்கள் தலையாட்டுகிறார்கள். டக் குனிந்து, அவள் கழுத்தில் தொங்கும் பெயரட்டையை நிதானமாகப் படிக்கிறான். "நல்லா கவனிச்சிருக்கீங்க," என்கிறான். "ரொம்ப நன்றி, மேடம்."