சித்தியாக ஒரு சாயங்காலம்

அம்மா செத்துப்போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. அந்த அம்மாதான் இப்போது விடுதி அறையில், மகளின் கட்டிலில் உட்கார்ந்து, விமானத்தில் வீங்கிப்போன காலை நீவிவிட்டுக்கொண்டிருந்தாள்.

“நான் செத்துட்டேனா? யாருடி சொன்னது?”

“நான்தான்மா எழுதிட்டேன். கத்தாதே. பக்கத்து ரூம் பொண்ணு உனக்காக ரெண்டு நாள் அழுதிருக்கா.”

விஷயம் இதுதான். கடல் கடந்து எழுத்துப் படிப்பு படிக்க வந்தவளைச் சொந்த வாழ்க்கையிலிருந்து எழுதச் சொன்னார்கள். கூடப் படிக்கிறவர்களில் ஒருத்தன் போரில் வீட்டைப் பறிகொடுத்தவன். ஒருத்தி அப்பாவைப் பறிகொடுத்தவள். ஒன்றும் இல்லாதவன்கூட ஒரு நாயையாவது பறிகொடுத்திருந்தான். இவளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஒரே பிள்ளை, செல்லப் பிள்ளை, கேட்டதெல்லாம் கிடைத்த பிள்ளை. பாவம், எதை வைத்து எழுதுவாள்?

எதை எழுதிக் கொடுத்தாலும் பேராசிரியை ஓரத்தில் ‘வலி எங்கே?’ என்று கேட்டுத் திருப்பித் தந்தார். மாணவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயரே வலி மேடம். எங்கே பெயிலாகிவிடுவோமோ என்ற பயத்தில், ஒரு சனிக்கிழமை மத்தியானம் மகள் அம்மாவைச் சாகடித்தாள்.

வலி மேடம் வகுப்பிலேயே மூக்கை உறிஞ்சினார். அந்தக் கட்டுரைக்குத்தான் இந்த வருஷப் பரிசு. இன்று சாயங்காலம் மேடையில் வாசிக்க வேண்டும். மகள் பரிசு வாங்குவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று, சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பி வந்து நிற்கிறாள் அம்மா.

“எழுதறது எல்லாம் நிஜமா நடந்திருக்கணும்மா, அதுதான் ரூல். போன வருஷம் ஒருத்தன் நடக்காத விபத்தை எழுதிட்டான். சீட்டைக் கிழிச்சு அனுப்பிட்டாங்க. நீ உசிரோட இருக்கிறது தெரிஞ்சா நான் தொலைஞ்சேன்.”

“அதுக்கு இப்ப நான் என்ன பண்ணணும்? திரும்பவும் சாகணுமா?”

“வேணாம். இன்னைக்கு ஒருநாள் நீ எனக்குச் சித்தி. அம்மாவோட தங்கச்சி. ப்ளீஸ்மா.”

மகள் காதைப் பொத்திக்கொள்ளத் தயாரானாள். பேப்பர்காரன் பேப்பரை வாசலில் வீசினாலே வீட்டை இரண்டாக்குகிறவள் அம்மா. ஆனால் அவள் கத்தவில்லை. காலை நீவிக்கொண்டிருந்த கை மட்டும் நின்றுவிட்டது.

“உங்கம்மா எப்படிச் செத்தாள்னு எழுதியிருக்கே?”

“ஜுரம். எனக்கு எட்டு வயசு. ஆஸ்பத்திரி ஜன்னல்ல மழை. என் கையைப் பிடிச்சுக்கிட்டு, ‘நான் எங்கேயும் போகலை, உன்னோட ஒவ்வொரு சொல்லிலும் இருப்பேன்’னு சொல்லிட்டுக் கண்ணை மூடறே.”

“ஜுரத்துல கிடக்கிறவளா இவ்வளவு பேசுவா?”

“அது இலக்கியம்மா.”

“என்னவோ போ” என்று சொல்லிவிட்டு அம்மா முகம் கழுவப் போனாள். வெளியே வர வெகுநேரமாயிற்று. பயணக் களைப்பாக இருக்கும் என்று மகள் நினைத்துக்கொண்டாள்.

அரங்கத்து வாசலிலேயே பக்கத்து அறைப் பெண் ஓடி வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். “உங்க அம்மாவும் பார்க்க இவங்க மாதிரிதான் இருந்திருப்பாங்க, இல்ல?” என்று மகளிடம் கேட்டாள்.

“ஏறக்குறைய” என்றாள் மகள்.

அம்மாவுக்கு அக்கா என்று ஒருத்தி இருந்ததாக மகள் கேள்விப்பட்டதே இல்லை. இல்லாத அக்காவுக்காக இவள் முகத்தை எப்படி வைத்துக்கொள்ளப் போகிறாளோ! மேடையிலிருந்து வாசிக்கும்போது கண் முன்வரிசைக்கே போய்ப் போய் வந்தது. அந்த ஊர் மொழி ஓர் எழுத்தும் தெரியாத அம்மா, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சமர்த்தாக உட்கார்ந்திருந்தாள்.

வாசித்து முடித்ததும் அரங்கமே எழுந்து கைதட்டியது. எல்லாரும் தட்டுகிறார்களே என்று அம்மாவும் தட்டினாள். மகள் இறங்கி வந்து, “சித்தி!” என்று கூப்பிட்டபோது சட்டென்று திரும்பினாள். பத்துத் தடவை ஒத்திகை பார்த்தவள்கூட அவ்வளவு கச்சிதமாகத் திரும்ப மாட்டாள்.

வலி மேடம் நேரே வந்து அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். மகள் நடுவில் நின்று மொழிபெயர்த்தாள்.

“உங்க அக்காவோட கடைசி நேரத்துல பக்கத்துல இருந்தீங்களான்னு கேக்கறாங்க. ஆமான்னு தலையை ஆட்டு, போதும்.”

“இருந்தேன்” என்றாள் அம்மா. குரல் கம்மிப்போயிருந்தது.

அடேயப்பா, என்னமாய் நடிக்கிறாள் என்று மகளுக்கு மலைப்பாக இருந்தது. தனக்குக் கற்பனை எங்கிருந்து வந்தது என்பது இப்போதுதான் விளங்கியது.

வலியைக் கண்டால் மேடம் லேசில் விடுகிறவர் இல்லை. அடுத்த கேள்வி வந்தது.

“அக்கா கடைசியா என்ன சொன்னாங்கன்னு கேக்கறாங்க. நீ வாய்க்கு வந்ததைச் சொல்லு. நான் கட்டுரையில இருக்கிறதைச் சொல்லிச் சமாளிச்சுக்கறேன்.”

அம்மா மேடத்தின் பக்கம் திரும்பவே இல்லை. மகளின் முகத்தையே பார்த்தாள். கண் இரண்டும் நிறைந்திருந்தன.

“இத்தனை வருஷத்துல இதை யாருமே என்கிட்ட கேட்டதில்லடி” என்றாள். “அக்கா, ‘பொண்ணா?’ன்னு கேட்டா. ஆமான்னு உன்னைத் தூக்கிக் காட்டறதுக்குள்ள போயிட்டா.”