மேனேஜரின் சட்டை

“சட்டையைக் கழட்டாம ஸ்கேன் பண்ண முடியுமா டாக்டர்?”

கேட்டவர் பெரியவர். சட்டை போட்டிருந்தது அவருடைய பூனை.

நீலச் சட்டை, ஏழு பொத்தான், காலர் வேறு. மேஜைமேல் குந்தி, வாயைப் பிளந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. சீட்டில் பெயர் ‘மேனேஜர்’ என்று எழுதியிருந்தது.

டாக்டர் சின்னப் பெண். படிப்பு முடித்து ஒரு வருஷம்தான். கல்லூரியில் பேச்சுப் போட்டி என்றால் இவளைக் கண்டு எதிரணி நடுங்கும். அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை. ஆக்சிஜன் குழாயைப் பூனையின் முகத்தருகே பிடித்தபடியே ஆரம்பித்தாள்.

“இந்த வெயில்ல பூனைக்கு எதுக்கு சார் சட்டை?”

“வீட்டுக்காரி தச்சது. அதுக்குக் குளிருதாம். எக்காரணம் கொண்டும் கழட்டக் கூடாதுன்னு உத்தரவு.”

“ஸ்கேனுக்கு நெஞ்சு ரோமத்தையே மழிக்கணும். நீங்க சட்டைக்கே அழறீங்க!”

“மழிக்கிறதா? கண்டுபிடிச்சிடுவாளே! ஒண்ணு பண்ணுங்க. மழிச்சதை ஒரு கவர்ல போட்டுக் கொடுங்க. நான் பசை வெச்சு ஒட்டிக்கிறேன்.”

டாக்டருக்கு ரத்தம் தலைக்கேறியது. ஓர் உயிர் காற்றுக்குத் தவிக்கிறது. இந்த மனுஷனுக்குப் பெண்டாட்டி திட்டுவாளே என்று கவலை!

“சட்டை பெருசா, உயிர் பெருசா? அவங்களை வரச் சொல்லுங்க, நான் கேட்கிறேன்.”

“ஐயையோ! அவ கடைக்குப் போன நேரம் பார்த்துத் தூக்கிட்டு வந்திருக்கேன். மூச்சு விடக் கூடாது!”

“மூச்சு விட முடியாம இருக்கிறது பூனை சார்!”

படபடவென்று பொத்தான்களைக் கழற்றினாள். கை அப்படியே நின்றது.

பூனையின் நெஞ்சில் ஏற்கெனவே சதுரமாக மழித்திருந்தது. ரோமம் இப்போதுதான் அரும்பிக்கொண்டிருந்தது.

“இது யார் வேலை?”

“தெரியலையேம்மா! பத்து நாளா சட்டையோடதானே பார்க்கிறேன்.”

ஜெல்லைத் தடவி ஸ்கேன் கருவியை வைத்தாள். நுரையீரலைச் சுற்றிக் கறுப்பாக நீர். இதயத்துக்கு முன்னால் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. முதலில் ஊசியால் நீரை உறிஞ்சி எடுத்தாள். மேனேஜருக்கு மூச்சு சீரானது. நன்றியோடு அவள் கையுறையைக் கடித்தார்.

“லிம்ஃபோமாவா இருக்கும்னு தோணுது சார். ஒரு வகைப் புற்றுநோய். கட்டியில ஊசி குத்தி டெஸ்ட் பண்ணிப் பார்த்தாதான்...”

சட்டையை ஒதுக்கியபோது உள்பக்கம் மொடமொடத்தது. ரகசியமாகத் தைத்த ஒரு பை. அதற்குள் எட்டாக மடித்த காகிதம். வேறு யாரோ டாக்டரின் சீட்டு, பத்து நாள் முந்தைய தேதியில்.

கோர்ட்டில் சாட்சியத்தைக் காட்டும் தோரணையில் உரக்கப் படித்தாள்.

“‘லிம்ஃபோமா உறுதி. நீர் எடுக்கப்பட்டது, மறுபடி சேரலாம். தினம் காலை அரை மாத்திரை.’ பார்த்தீங்களா சார், உங்க வீட்டம்மாவுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு! உங்ககிட்ட மறைச்சிருக்காங்க! ‘குறிப்பு: கணவருக்கு இதய ஆபரேஷன் ஆகி மூன்று மாதமே ஆகிறது. அவரிடம் தயவுசெய்து...’”

குரல் இறங்கி, நின்றுபோனது.

பதறிப்போய் நாற்காலியை இழுத்துப் போட்டாள். பெரியவர் உட்காரவில்லை.

“தினம் காலையில கதவைச் சாத்திக்கிட்டு, மேனேஜரோட மீட்டிங்னு சொல்லுவா” என்றார். “நானும் சிரிப்பேன்.”

கொஞ்ச நேரம் பூனையின் முதுகைத் தடவினார்.

“அந்தச் சீட்டைப் பழைய மடிப்புலயே மடிச்சு உள்ளே வெச்சிடும்மா.”

“சார், ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசினாலே...”

“என் ஆபரேஷனுக்குப் பதினோரு நாள் ஆஸ்பத்திரி பெஞ்சுல கிடந்தா. இன்னொரு டாக்டர் வாசல் அவளுக்கு வேண்டாம்னுதான் நான் திருட்டுத்தனமா வந்தேன். எனக்கு எதுவும் தெரியாதுங்கிறதுதான் இப்ப அவளுக்கு இருக்கிற ஒரே நிம்மதி. அதையும் பிடுங்கலாமா?”

எத்தனையோ எதிரணியைப் பார்த்தவள், சீட்டைப் பழைய மடிப்பிலேயே மடித்துப் பைக்குள் வைத்தாள்.

“அந்த டாக்டருக்கு நான் போன் பண்றேன்” என்றாள் கடைசியில். “செக்கப்புன்னு சொல்லி அவரே அம்மாவை வரவழைச்சு மேற்கொண்டு பார்த்துப்பார்.”

ஏழு பொத்தான்களையும் மாட்டினாள். காலரைக்கூட நீவிவிட்டாள்.

பூனையைத் தூக்கப் போன பெரியவர் தயங்கினார்.

“ஒரு சின்ன உதவி. மேனேஜருக்கு நகம் வெட்டக் கூட்டிட்டுப் போறேன்னு அவளுக்கு எழுதி வெச்சுட்டு வந்தேன். ரெண்டு நகமாவது வெட்டி விடும்மா. எங்களுக்குள்ள பொய் சொல்ற பழக்கமே கிடையாது.”