பொந்தியான் வீடு

"பத்தாயிரத்துல நாலு பங்குதான் இருக்கு அந்த கார்பன் டை ஆக்சைடு. அதுவா உலகத்தைச் சூடாக்குது? சும்மா பயமுறுத்துறாங்க லா," என்றார் ருக்னுதீன்.

மகனுக்குப் பெண் கேட்டு வந்திருந்த சயீதும் அவர் மனைவியும் தலையாட்டினார்கள். ஸ்கூடாய் பல்கலைக்கழகத்தில் அதைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்த ருக்னுதீனின் மகள் ஷஹீராவுக்கு முகம் சிவந்தது.

"கொஞ்சம்தான் வாப்பா. ஆனா அது வெப்பத்தை வெளிய விடாது. கடல் ஏறிக்கிட்டே இருக்கு."

"படிச்ச திமிரு. நான் பொறந்ததுலேர்ந்து பார்க்குறேன், கடல் அங்கயேதான் இருக்கு."

ஷஹீரா தேநீர்த் தட்டை மேசையில் சத்தமாக வைத்தாள். தாய் அவள் கையை அழுத்தினாள். யாரும் கோப்பையைத் தொடவில்லை.

சயீத் பேச்சை மாற்றினார். "நம்ம வழக்கப்படி பொண்ணுக்கு வீடு கொடுக்கணும். உங்க பொந்தியான் கடலோர வீட்டைத்தானே தர்றீங்க?"

"அதைப் போன மாசமே வித்துட்டேன். கூலாய் ஊர்ல மேட்டுப் பக்கமா ஒரு வீடு வாங்கி, ஷஹீரா பேர்ல எழுதிட்டேன்."

ஷஹீரா நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏன் வித்தீங்க? கடல்தான் அங்கயே இருக்குன்னீங்களே?"

ருக்னுதீன் மகள் பக்கம் திரும்பாமல் கோப்பையை எடுத்தார்.

"நான் இருக்குற வரைக்கும் அங்கயேதான் இருக்கும். வீட்டுல குடியிருக்கப் போறது அவ பிள்ளைங்களாச்சே."