பூவன் பழத்தில் ஒரு பெயர்

கல்யாண நாளுக்குள் மனைவி அமலியின் பெயரைக் கையில் பச்சை குத்திக்கொள்ள மரியஅந்தோணிக்கு ஆசை. ஆனால் கும்பகோணம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் டாட்டூ போடுகிறவனிடம் லைசென்ஸ் இல்லை.

"லைசென்ஸா குத்தப்போவுது? கைதானேண்ணே குத்துது," என்றான் அவன். "நம்பிக்கை இல்லேன்னா பழத்துல குத்திக் காட்டுறேன்."

ஒரு பூவன் பழத்தின் தோலில் 'அமலி' என்று குத்தி, பக்கத்தில் மல்லிகை மொட்டு ஒன்றும் வரைந்தான். அச்சடித்த மாதிரி இருந்தது. இருந்தாலும், நடவு நேரத்தில் சீழ்கீழ் பிடித்தால் சேற்றில் எப்படி இறங்குவது என்று மரியஅந்தோணி முடிவைத் தள்ளிப்போட்டார். வீட்டுக்கு வந்து பழத்தைத் தின்றுவிட்டு, தோலைச் சினை ஆட்டுக்குப் போட்டார்.

விடிந்தபோது ஆடு ஒரு வெள்ளைக் குட்டி போட்டிருந்தது. குட்டியின் காதுக்குள் 'அமலி' என்று பச்சையாக இருந்தது. பக்கத்தில் மொட்டும் இருந்தது. சுற்றிலும் தோல் லேசாகச் சிவந்திருந்தது.

அமலி குட்டியைத் தூக்கி, வெளிச்சத்தில் காதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சீழெல்லாம் ஒண்ணுமில்லைங்க. தைரியமாப் போய்க் குத்திக்கிட்டு வாங்க."

போனார். குட்டி விஷயத்தைச் சொல்லாமலே கையை நீட்டினார். புது ஊசியைப் பிரித்துக்கொண்டே அவன் சொன்னான்:

"குட்டி காதுல ரெண்டு நாளைக்குத் தண்ணி படாம பாத்துக்குங்கண்ணே."